எண்பத்து நாலரை

மெர்சி முதல் நாள் எறிந்தபோது கருவியில் 84.4 வந்ததா, 84.6 வந்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. எதுவாக இருந்தாலும் எண்பத்து நாலரை என்றுதான் எழுதியிருப்பேன். எழுதிய பதிவேடு சத்துவாச்சாரி அலுவலகத்தில் ஒரு பீரோவுக்குள் இருக்கிறது; அதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அன்று யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பதிலும் சில வார்த்தைகள் மாறியிருக்கலாம். இந்த ஒன்றரை வருடத்தில் என் கோபம் அவற்றைக் கொஞ்சம் திருத்தியிருக்கக்கூடும். ஆனால் அவள் எறிந்தது எண்ணூற்று நாற்பத்திரண்டு இல்லை. அது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

நான் தேவசகாயம். ஆம்பூர் டேனரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் அளவுக்காரனாக இருந்தேன். பதனிட்ட தோல் மெஷினுக்குள் போய் வெளியே வரும். அதன் பரப்பு எத்தனை சதுர அடி என்று பார்த்து, தோலின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் புள்ளி வைத்து எழுதுவதில்லை. காலடி, அரையடி, முக்காலடி, அவ்வளவுதான். ஏழடி எழுதி அதன் தலைமாட்டில் சின்னதாக 1 போட்டால் ஏழேகால். 2 போட்டால் ஏழரை. 3 போட்டால் ஏழேமுக்கால். பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் தொட்ட எவருக்கும் இது தெரியும். தெரியாத ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டேனரி மூடிய பிறகு ஒரு வருடம் வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டலப் பந்தெறி வேக மேம்பாட்டு மையம் என்று ஒன்று வந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எறிபவரின் வேகத்தைக் கூட்டுவது அதன் நோக்கம். அலுவலகம் வேலூர் சத்துவாச்சாரியில். மைதானம் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி, மூடிக்கிடந்த அதே டேனரியின் பின்பக்கம். இரண்டும் ஒரே ஊரில் இருந்திருக்கலாம். திட்டம் போட்டபோது ஒரே மாவட்டமாக இருந்தது, திட்டம் வந்தபோது மாவட்டம் பிரிந்துவிட்டது என்று விளக்கம் சொன்னார்கள்.

அளவு எடுக்க ஆள் தேவை என்று கேட்டதும் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இயக்குநர் ராமலிங்கம் பட்டுப்புழு வளர்ப்புத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முப்பத்தொரு வருஷமா அளந்திருக்கீங்களா?"

"ஆமா சார். தோல்."

"எதுவா இருந்தா இன்னா. அளவு அளவுதான்."

பந்தின் வேகத்தைக் காட்டும், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியையும் ஒரு பதிவேட்டையும் என் கையில் கொடுத்தார்கள்.

தொடக்க விழாவில் ராமலிங்கம் பேசினார். இந்தப் பேச்சு மட்டும் எனக்கு அநேகமாக அப்படியே நினைவிருக்கிறது.

"பேஸ்பால்ல எறியறது, புடிக்கிறது, அடிக்கிறதுன்னு மூணு இருக்குது. புடிக்கிறது வேற திட்டத்துல வருது. அடிக்கிறதுக்கு இன்னும் ஆணை வரல. நம்ம கையில குடுத்திருக்கிறது எறியறது மட்டும். அதுலயும் வேகம் மட்டும். பந்து எங்க போய் வுழுவுதுன்றது நம்ம மையத்துக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம். அதுல யாரும் கவனத்தைச் செதற விடக்கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். மெர்சி மட்டும் தட்டவில்லை. பந்து எங்கே போய் விழுகிறது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை.

மெர்சி எங்கள் தெருப் பெண். என்னைப் பெரிப்பா என்பாள். இருபத்தாறு வயது. ஷூ கம்பெனியில், தைத்து முடித்த ஷூவுக்குள்ளிருந்து லாஸ்ட் என்னும் பிளாஸ்டிக் கால் அச்சைக் கழற்றும் வேலை. கழற்றிய அச்சை அளவுவாரியாகப் பத்துக் கூடைகளில் போட வேண்டும். மற்றவர்கள் நடந்து போய்ப் போடுவார்கள். இவள் இருந்த இடத்திலிருந்தே, பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே, எறிவாள். ஒன்றும் கூடை மாறியதில்லை. பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடியவள். அவள் எறிவதை எதிரே குந்தி உட்கார்ந்து பிடிப்பவள் முபஷ்ஷிரா. இரண்டு பேரும் எட்டாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள்.

"நான் கிளவுசைக் காட்டுனா போதும் அங்கிள்," என்று முபஷ்ஷிரா என்னிடம் சொன்னாள். "பந்து தானா வந்து உக்காரும். எனக்கு வேலையே கம்மி. இவ எறிஞ்சு நான் இதுவரைக்கும் எழுந்து நின்னதில்ல."

"அதனாலதான் குண்டாய்ட்டா," என்றாள் மெர்சி.

மெர்சி இந்த மையத்துக்கு வந்தது விளையாட்டு ஆசையால் அல்ல. அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடம் இருந்தது. அதற்கு மையத்தின் வேக உயர்வுச் சான்றிதழ் வேண்டும். முதல் அளவிலிருந்து மார்ச் முப்பத்தொன்றுக்குள் பத்து சதவீதம் கூட்டிக் காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் அவளுக்கு இருந்தது ஒரு மார்ச் மாதம்தான்.

செப்டம்பரில் முதல் அளவு எடுத்தேன். 84² என்று எழுதினேன். என் கை எழுதியது என்று சொல்வதே சரி. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

பதிவேட்டின் நகல் சத்துவாச்சாரிக்குப் போனது. அங்கே லுப்னா என்ற பெண் அதை இணையதளத்தில் ஏற்றுவாள். வேகம் என்ற கட்டத்தில் மூன்று இலக்கம் இருந்தால்தான் அந்தத் தளம் ஏற்றுக்கொள்ளும். நாட்டில் பெண்கள் எத்தனை வேகத்தில் எறிவார்கள் என்று தெரியாத யாரோ சென்னையில் உட்கார்ந்து செய்த தளம். என் தாளில் மூன்று இலக்கம் இருந்தது. லுப்னா 842 என்று ஏற்றினாள். தளம் பச்சை விளக்குக் காட்டியது.

இரண்டு வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. மணிக்கு 842 கிலோமீட்டர் என்ற தொடக்க நிலையே மிகவும் ஊக்கமளிப்பதாகவும், பத்து சதவீத உயர்வான 926-ஐ விரைவில் எட்ட வாழ்த்துவதாகவும் அதில் இருந்தது.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி சத்துவாச்சாரிக்குப் போனேன்.

"சார், இது எண்பத்து நாலரை. அந்த ரெண்டு, அரைக்குப் போடற ரெண்டு."

ராமலிங்கம் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"லுப்னா, கம்மி பண்ண முடியுமாம்மா?"

"இல்ல சார். ஏத்தறதுக்குத்தான் பட்டன் இருக்குது. எறக்கறதுக்கு இல்ல."

"கேட்டீங்களா தேவசகாயம்? மேம்பாட்டு மையம்னு பேர் வெச்சிருக்காங்க. மேம்பாடுன்னா மேல போறது. கீழ வர்றதுக்கு வேற ஒரு மையம் தொடங்குனா அப்ப பாக்கலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். 842-க்குப் பத்து சதவீதம் கூட்டினால் 926. எண்பத்து நாலரைக்குப் பத்து சதவீதம் கூட்டினால் கிட்டத்தட்ட தொண்ணூற்று மூன்று. மெர்சி உண்மையிலேயே தொண்ணூற்று மூன்று எறிந்தால் அது அங்கே 930 ஆகும். சான்றிதழ் வந்துவிடும். தப்பு முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் கிளறப் போனால் பதிவையே ரத்து செய்வார்கள். அவளுடைய மார்ச் போய்விடும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம். அதை நான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அக்டோபரில் மெர்சி எண்பத்தாறேகால் எறிந்தாள். 861 ஆனது. நவம்பரில் சரியாக எண்பத்தெட்டு. காலும் இல்லை, அரையும் இல்லை. லுப்னா போன் செய்தாள்.

"அங்கிள், ஒரு நம்பர் கொறையுது. தளம் எடுக்க மாட்டேங்குது."

"எண்பத்தெட்டுதாம்மா. அவ்ளோதான்."

"அப்ப பின்னால சைபர் போட்டுக்கறேன். சைபருக்குத்தான் மதிப்பு இல்லையே."

880 ஆனது.

இந்த எண்கள் மேலே போகப் போக, மேலே இருந்து சுற்றறிக்கைகள் கீழே வந்தன. முதலில் வந்தது பாதுகாப்புப் பிரிவிலிருந்து. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தைப் பதினெட்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பிடிப்பது உயிருக்கு ஆபத்து. பிடிப்பவர் குறைந்தது நானூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

டேனரி மைதானத்தில் நானூறு மீட்டர் கிடையாது. அளந்து பார்த்தார்கள். பாலாற்று மணலைத் தாண்டி, எதிர்க்கரையில் சீமைக்கருவேல மரத்தடியில் முபஷ்ஷிராவை உட்கார வைத்தார்கள். ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு அவள் வெயிலில் அங்கே உட்கார்ந்திருப்பாள். நடுவில் எருமைகள் போகும். மெர்சியும் அவளும் போனில் பேசிக்கொள்வார்கள்.

"ஏய், பந்து கெளம்பிடுச்சா?"

"கெளம்பி வுழுந்துடுச்சுடி. எருமை மோந்து பாக்குது."

"நான் வந்து எடுக்கட்டா?"

"வராத. நீ ஆபத்து எல்லைக்குள்ள வரக் கூடாதாம். ராமலிங்கம் சாரு பாத்துட்டு நிக்கறாரு."

"எனக்கு பேஜாரா இருக்குதுடி. இங்க ஒரு ஆயா வந்து, ஏம்மா எந்தப் போருக்குப் போறேன்னு கேக்குது."

கிளவுஸ் இல்லாமல் எங்கே எறிவது என்று மெர்சிக்குத் தெரியவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்.

"பெரிப்பா, எதைப் பாத்து எறியட்டும்?"

நான் ராமலிங்கத்திடம் கேட்டேன். "எதையும் பாக்க வேணாம்," என்றார் அவர். "பாத்தா வேகம் கொறையும்."

டிசம்பரில் புகழேந்தி வந்தார். வேக ஆலோசகர். ஜிம் வைத்திருந்தவர், அமெரிக்காவில் பந்தெறிகிறவர்களைப் பயிற்றுவிக்கும் வீடியோக்களைப் போனில் நிறையப் பார்த்தவர். அங்கே எடை கூடிய பந்தை எறிந்து பழக்குவார்கள் என்பது உண்மைதான். நானும் பிறகு படித்துப் பார்த்தேன். கால் கிலோ, அரைக் கிலோ, அதுவும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அப்படியும் சிலருக்குக் கை போய்விடுகிறது என்று போட்டிருந்தது. புகழேந்தி அதைக் கணக்காகப் போட்டார்.

"நூத்தி இருபது வேகத்துல எறியறவனுக்கு அரைக் கிலோ. நம்ம பொண்ணு எண்ணூத்து எம்பது. ஏழு மடங்கு. அப்ப மூணரைக் கிலோ குடுக்கணும். குடுக்கலன்னா நாம அவள ஏமாத்துறோம்."

மூன்றரைக் கிலோவில் பந்து கிடைக்கவில்லை. குண்டு எறிதல் குண்டு நாலு கிலோவில் கிடைத்தது. அதை வாங்கினார்கள்.

அதோடு விடவில்லை. டேனரிக்குள் பழைய டாக்கிள் சட்டங்கள் இருந்தன. ஈரத் தோலை நாலாபக்கமும் கிளிப் போட்டு இழுத்துக் காய வைக்கும் ஓட்டைப் பலகைகள். புகழேந்தி அதைத் தட்டிப் பார்த்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார்.

"தோலை இழுக்கறது சார். இழுத்துக் காயவெச்சா நூறடி தோல் நூத்தஞ்சு அடி வரும்."

"அஞ்சு சதவீதம் ஏறுதா? எறியற கையை இழுத்தா?"

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். இழுத்த தோலை உடனே அளந்து உடனே விற்றுவிட வேண்டும். ஒரு வாரம் கிடந்தால் சுருங்கிப் பழைய அளவுக்கே வந்துவிடும். ஆனால் முழுசாக வராது, இழுத்த இடத்தில் உள்ளே விட்டுப்போயிருக்கும், ஷூ தைக்கும்போது அங்கேதான் கிழியும் என்று. இது எல்லாம் எனக்குத் தெரியும். "தோலுக்குத்தான் சார்" என்று மட்டும் சொன்னேன். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மெர்சி தினமும் ஷூ கம்பெனி ஷிப்டு முடிந்து வந்து, வலது கையை டாக்கிள் பலகையில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் நிற்பாள். பிறகு நாலு கிலோ குண்டு நாற்பது தடவை. பிறகு பந்து. நான் கருவியைப் பிடிப்பேன். ஜனவரியில் தொண்ணூற்று ஒன்றரை வந்தது. புகழேந்தி தன் போனில் அதைப் படம் எடுத்தார்.

"கையி எப்பிடிம்மா இருக்குது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எரியுது பெரிப்பா. கை முட்டிக்கு உள்பக்கம். வாளி தூக்க முடியல."

"ரெண்டு நாள் வுட்டுடேன்."

"கேட்டேன். ரெஸ்ட்டுனா அன்னிக்கு வேகம் சைபர்னு ஏறுமாம். சைபருக்கு மதிப்பு இருக்குதாம் இப்போ."

ஜனவரி கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். பந்தல், சால்வை, கேசரி எல்லாம் இருந்தது. மெர்சி எறிந்தபோது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவள் கை காலியாக இருந்தது. மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"பந்து போனதையே நான் பாக்கல. என் கண்ணால பாக்க முடியல. வேகம்னா இதுதான். இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா சத்தத்தோட வேகத்தையே தாண்டிடலாம்னு இயக்குநர் சொன்னாரு. தாண்டும்போது டமால்னு ஒரு சத்தம் கேக்குமாம். அதுக்கு அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்துடுங்க."

பந்து இருபது அடிக்கு அந்தப் பக்கம், அவர் கார் டயருக்கு அடியில் கிடந்தது. நோட்டீஸ் கொடுத்தார்கள். எதிர்க்கரையில் முபஷ்ஷிராவிடமும் ஒன்று கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

பிப்ரவரி இருபதாம் தேதி எனக்குச் சந்தேகமில்லாமல் நினைவிருக்கிறது. மத்தியான வெயில். மெர்சி ஏழு பந்து எறிந்தாள். ஏழாவது 92.8. நான் 92³ என்று எழுதினேன். 923. வேண்டியது 926. தொண்ணூற்று மூன்றுக்கு ஒரே ஒரு கால் குறைந்தது.

அவள் வந்து என் தோளுக்கு மேலாகப் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். கையை உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தாள்.

"பெரிப்பா. ஒரு காலு தானே. ஏத்திப் போட்டா இன்னா?"

நான் கருவியைப் பார்த்தேன்.

"மெஷின்ல இன்னா வந்துச்சோ அதாம்மா எழுத முடியும்."

முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தோலுக்கும் ஒரு கால் ஏற்றிப் போட்டதில்லை. முதலாளி நேரில் வந்து கேட்டும் போடவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. எண்ணூற்று நாற்பத்திரண்டை ஐந்து மாதம் வாய்மூடிச் சுமந்தவன், அன்று ஒரு காலுக்காக அந்தப் பெண்ணிடம் நேர்மை பேசினேன். எனக்கு அப்போது அதில் ஒரு முரணும் தெரியவில்லை. இந்தக் கதையில் நான் மன்னிக்க முடியாத ஆட்கள் பலர் உண்டு. அந்த வரிசையில் ராமலிங்கம் முதலாவது இல்லை.

"சரி வுடுங்க," என்று மெர்சி சிரித்தாள். "இன்னொண்ணு எறிஞ்சா போச்சு."

போனை எடுத்து, "ஏய், கிளவுசைத் தூக்கிக் காட்டு. தெரியாது, ஆனா காட்டு," என்றாள். எதிர்க்கரையில் கருவேல மரத்தடியில் புள்ளி மாதிரி ஏதோ அசைந்தது. அதைப் பார்த்து எறிந்தாள்.

காய்ந்த தையல் பிரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. பந்து நாலடி தள்ளி விழுந்தது. மெர்சி முழங்கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை. தரையில் கிடந்த போனிலிருந்து முபஷ்ஷிராவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

"இன்னாடி சத்தம்? மெர்சி? ஏய், இன்னாடி சத்தம்?"

அப்புறம் அவள் கவசங்களோடு ஆற்று மணலில் ஓடி வந்தாள். ஆபத்து எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழைந்ததற்கு அவள்மேல் பிறகு ஒரு குறிப்பு எழுதினார்கள்.

முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்துவிட்டது, இனிமேல் எறிய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ராமலிங்கம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சாதாரணக் கைக்கு எழுதறது. தொள்ளாயிரத்துக்கு மேல எறியற கையைப் பத்தி இந்த டாக்டருக்கு அனுபவம் இருக்குதான்னு போடலையே," என்றார்.

மார்ச் மாதம் புதுக் கருவி வந்தது. அளவை அதுவே நேராகத் தளத்துக்கு அனுப்பிவிடும். எழுத ஆள் வேண்டாம். மாத அளவு இல்லாவிட்டால் பெயரே அடிபட்டுப்போகும் என்றதால், மெர்சி கட்டைப் பிரித்துவிட்டு வந்து ஒரு பந்து எறிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். 58.4 வந்தது.

பத்து நாளில் அவளுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பிப்ரவரியில் 923 ஆக இருந்த வேகம் மார்ச்சில் 58.4 ஆகக் குறைந்திருப்பது கடும் அலட்சியத்தைக் காட்டுவதாகவும், மையத்தின் முயற்சியால் உருவான 864.6 கிலோமீட்டர் வேகம் என்ன ஆனது என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

மெர்சி அந்தத் தாளை என் வீட்டுக்கு எடுத்துவந்தாள். முபஷ்ஷிராவும் கூட வந்தாள். மூன்று பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

"இன்னா எழுதறது பெரிப்பா?" என்றாள் மெர்சி கடைசியில். "எங்க போச்சுன்னு எழுதறது?"

"எருமை தின்னுடுச்சுன்னு எழுதுடி," என்றாள் முபஷ்ஷிரா. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

விசாரணை சத்துவாச்சாரியில். மெர்சிக்குத் துணையாக நானும் போனேன். குற்றம் சாட்டியவர் ராமலிங்கம், விசாரிப்பவரும் ராமலிங்கம். விதி அப்படித்தான் இருந்தது. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பையிலிருந்து ஒரு ஆட்டுத்தோலை எடுத்து மேசையில் விரித்தேன். பின்பக்கம் என் கையெழுத்தில் 7² என்று இருந்தது.

"சார், இது எத்தனை அடி சொல்லுங்க."

"எழுபத்திரண்டு."

"எழுபத்திரண்டு அடியில ஆடு இருக்குமா சார்? இது ஏழரை. அதே மாதிரி அவ எறிஞ்சது எண்பத்து நாலரை. எண்ணூத்து நாப்பத்திரண்டு இல்ல. இல்லாத வேகத்தை வெச்சி நாலு கிலோ குண்டைக் குடுத்தீங்க. பலகையில கட்டி இழுத்தீங்க. அந்தக் கை போச்சு. போனது எண்ணூறு கிலோமீட்டர் இல்ல சார். ஒரு கை."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. ராமலிங்கம் கோபப்படவில்லை. தோலின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த லுப்னாவை வெளியே போகச் சொன்னார். பிறகு மெதுவாகத்தான் பேசினார்.

"தேவசகாயம், என்னை இன்னா மடையன்னு நெனச்சீங்களா? எண்ணூறுல ஒரு பொண்ணு பந்து எறிவாளா? எனக்கு மொதல் மாசமே தெரியும். எனக்கு மேல இருக்கறவருக்கும் தெரியும். அன்னிக்கு வந்து பந்தே தெரியலன்னாரே, அவருக்கும் தெரியும். நாங்க யாரும் நம்பல. கோப்பு நம்புது. எண்பத்து நாலு போட்டிருந்தா இந்த மையத்தை நவம்பர்லயே மூடிட்டு என்னைத் திரும்பப் பட்டுப்புழுவுக்கு அனுப்பியிருப்பாங்க. எண்ணூத்து நாப்பத்திரண்டுக்குத்தான் பந்தல் வந்துச்சு, ஆலோசகர் வந்தாரு, புதுக் கருவி வந்துச்சு. இப்ப நீங்க சொல்றத நான் எழுதினா இன்னா ஆவும்? எண்பத்து நாலுல வந்த பொண்ண ஐம்பத்தெட்டாக்கி அனுப்பினோம்னு ஆவும். மேம்பாட்டு மையம் அப்பிடி எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க."

மெர்சி இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி நின்றிருந்தாள்.

"அப்ப எனக்கு சர்ட்டிபிகேட்டு, சார்?"

"உனக்கு வழி வெச்சிருக்கேன்மா. சொந்தக் காரணங்களால் வேகத்தை இழந்தேன்னு கையெழுத்து போட்டுடு. மேல்நடவடிக்கை இல்லாம முடிச்சிடலாம். கலந்துகொண்டதுக்குச் சான்றிதழ் கிடைக்கும்."

"அதை வெச்சி வேலைக்குப் போவ முடியுமா?"

"முடியாது. ஆனா நல்ல அட்டையில அடிச்சிருக்கோம்."

மெர்சி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்திருக்கலாம். என்னிடமிருந்த பேச்சு அந்த ஆட்டுத்தோலோடு தீர்ந்துபோயிருந்தது. அவள் பேனாவை இடது கையில் வாங்கி, ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதுகிற மாதிரி, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று என் தோலைத் திருப்பித் தரவில்லை. ஆதாரம் என்று கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். எழுபத்திரண்டு சதுர அடி தோல் ஒன்று என்று பட்டியலில் ஏறியது.

அதன்பின் ராமலிங்கம் பதவி உயர்வு பெற்றுச் சென்னைக்குப் போனார். மாநிலம் முழுவதற்கும் வேகம் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. புகழேந்தி ஏலகிரியில் சொந்தமாகப் பயிற்சி மையம் வைத்திருக்கிறார்; மலைக்காற்றில் வேகம் ஜாஸ்தி என்று பலகை எழுதியிருக்கிறார். லுப்னாவுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது. முபஷ்ஷிரா வாணியம்பாடியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளைப் பதினெட்டு மீட்டர் தூரத்திலேயே உட்கார வைக்கிறாள். என்னைப் புதுக் கருவி வந்த அன்றே நிறுத்திவிட்டார்கள். டேனரிச் சுவரில் 923 என்று ஆள் உயரத்துக்குச் சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கிறது; தளத்திலும் அதுவே இருக்கிறது, அதை இறக்குவதற்கு இன்னும் பட்டன் வரவில்லை. இளநிலை உதவியாளர் இடத்துக்கு அந்த வருடம் யாரும் தகுதி பெறவில்லை; அது காலியாகவே இருக்கிறது.

மெர்சி ஷூ கம்பெனியில்தான் இருக்கிறாள். வலது கை முழுதாக நீளாது. லாஸ்டை இடது கையால் கழற்றுகிறாள். கூடை வரைக்கும் நடந்து போய்ப் போடுகிறாள்.